பார்க்கிறவர் விழுந்துவிடாமல் முதியவரைப் பார்ப்பது: கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்தோ, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தோ வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும் முதியவரை அநேகமாக ஒரே ஆள்தான் பார்க்கிறார். அது மகளாக இருக்கும், மருமகளாக இருக்கும், சில வீடுகளில் எழுபது வயது தாண்டிய மனைவியாகவே இருக்கும். சில கிழமைகளில் அவரும் படுத்துவிடுகிறார். பிறகு அவசரமாகச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த ஆளும் ஒரு மாதத்தில் போய்விடுகிறார்.

இதற்கு அன்புக் குறைவு காரணமில்லை. வேலைகளின் வரிசை பிழையாக இருப்பதுதான் காரணம். முதலில் கட்டில் வருகிறது, பிறகு ஆள் வருகிறார், யார் எப்போது தூங்குவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அந்தக் கேள்வியைத்தான் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

1. துண்டு வெட்ட முதல், வார்டிலேயே

வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன், குறைந்தது இரண்டு நாள் முன்பாகத் தாதியிடம் கேட்டு, திருப்பிப் படுக்க வைப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, சிறுநீர்ப் பையை வெறுமையாக்குவது, குழாயால் உணவு கொடுப்பது எல்லாவற்றையும் உங்கள் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். நின்று பார்த்தால் போதாது. பார்க்கும்போது எல்லாம் விளங்கும், வீட்டில் குழாயைக் கையில் எடுக்கும்போதுதான் விளங்காதது தெரியும்.

பழகுவது இரண்டு பேராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழகினால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

கையில் வாங்க வேண்டியவை: டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பட்டியல், அடுத்த கிளினிக் திகதி, சிறுநீர்க் குழாயும் உணவுக் குழாயும் மாற்ற வேண்டிய திகதிகள். டயக்னோசிஸ் கார்டில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைப் படம் எடுத்து குடும்பத்தில் மூன்று பேரின் கைப்பேசியில் வையுங்கள். இரவு 2 மணிக்கு அம்புலன்ஸ் வரும்போது அந்தத் தாள் எந்த லாச்சியில் இருக்கிறது என்று தேட முடியாது.

துண்டு வெட்டுகிற காலையில்தான் எல்லாவற்றையும் கேட்பது வழமையான பிழை. அந்த நேரம் வார்டில் யாருக்கும் நின்று சொல்லித்தர இடமிருக்காது.

2. முதலில் தூக்கத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் 24 மணித்தியாலத்துக்கும் கோடு போடுங்கள். மருந்தையோ சாப்பாட்டையோ எழுத முதல், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக 6 மணித்தியாலத் தூக்கத்தை அதில் குறியுங்கள். மிச்சமுள்ள கட்டங்களில்தான் வேலைகள் வர வேண்டும்.

இப்படி எழுதினால் உண்மை உடனே தெரியும். தானாகத் திரும்ப முடியாதவரை ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இரவு 10, 12, 2, 4 என்று எழும்புகிற ஆள் தூங்கவே இல்லை. அவர் அடுத்த நாள் மருந்தை மாற்றிக் கொடுப்பார், அல்லது தூக்கும்போது முதியவரோடு சேர்ந்து விழுவார். ஒரே ஆளால் செய்ய முடியாத வேலை இது என்பதைத் தாளில் பார்த்த பிறகுதான் பல குடும்பங்கள் ஒத்துக்கொள்கின்றன.

இரவு வேலையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. சிறுநீர் போவதற்கான குளிசையை மாலையில் கொடுக்கிறீர்களா? அதைக் காலைக்கும் மதியத்துக்கும் மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரவில் எழும்பும் தடவைகள் குறையும். காற்று மெத்தை இருந்தால் இரவில் திருப்பும் இடைவெளியைக் கூட்டலாமா என்றும் கேளுங்கள். ஆனால் அதைக் காலையில் தோலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மெத்தை இருக்கிறது என்பதற்காகத் திருப்பாமல் விடக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன், தங்கைக்கும் இந்தத் தாளில் வேலை இருக்கிறது. காசு அனுப்புவதோடு அவர்கள் பங்கு முடிவதில்லை. கிளினிக் திகதிகளை நினைவூட்டுவது, பராமரிப்பாளரின் சம்பளக் கணக்கு, மாற்று ஆள் தேடி ஏஜென்சிகளோடு பேசுவது ஆகியவற்றைத் தொலைபேசியிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். டொரொண்டோவில் கோடைகாலத்தில் இரவு 10 மணி என்றால் இங்கே காலை 7.30. உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, கஞ்சி பருக்குகிற நேரம் அது. வீடியோ அழைப்பை 9.30க்குப் பிறகு, அல்லது மாலைக்கு வையுங்கள்.

3. வீட்டை அளந்த பிறகு சாமான்

பெரியவர்களுக்கான சக்கர நாற்காலி ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் அகலம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகள் பலவற்றில் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகியது. லிப்டின் உள் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்ரெச்சர் நுழையாத லிப்ட் என்றால், அம்புலன்ஸை அழைக்கும்போதே அதையும் எத்தனையாவது மாடி என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டிலை வாங்காமல் முதலில் வாடகைக்கு எடுங்கள். முதல் இரண்டு மாதத்தில் நிலைமை மாறும். சிலர் நடக்கத் தொடங்குவார்கள், அப்போது உயரமான வைத்தியசாலைக் கட்டிலே விழுவதற்குக் காரணமாகும். கட்டில் உயரம் மாற்றக்கூடியதாக இருப்பது பராமரிப்பாளரின் முதுகுக்காக. வேலை செய்யும்போது அவரது இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி, முடிந்ததும் தாழ்த்த வேண்டும். சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

காற்று மெத்தையின் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் மெத்தை இறங்கும், முதியவர் இரும்புத் தட்டில் படுத்திருப்பார். குழாயைக் கழற்றி வாயை அடைத்தால் காற்று சிறிது நேரம் நிற்கும் வகை மெத்தையா என்று வாங்கும்போதே கேளுங்கள். அடியில் ஒரு ஸ்பொஞ் மெத்தை போட்டால் பயம் குறையும்.

4. ஆள் எடுப்பது

அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் சான்றிதழ், கிராம சேவையாளர் சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். பராமரிப்பில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாமலே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே செய்துகாட்டச் சொல்லுங்கள்: ஆள் படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாற்றத் தெரியுமா? இன்சுலின் போட்டபின் சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு "அப்படியே விட்டுவிடுவேன்" என்றால், மருந்துப் பொறுப்பை அவரிடம் கொடுக்க முடியாது.

பிறகு ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதுங்கள். வேலை நேரம், தூங்கும் நேரம், மாதத்தில் எத்தனை நாள் லீவு, போயா தினத்தில் வேலையா, சம்பளத்தை ஏஜென்சி கொடுப்பதா நீங்கள் கொடுப்பதா, என்ன திகதியில். முக்கியமாக, எது அவருடைய வேலை இல்லை என்பதையும் எழுதுங்கள். முதியவரின் துணி துவைப்பது அவருடைய வேலை. முழுக் குடும்பத்துக்கும் சமைப்பது, வீடு கூட்டுவது, பேரப்பிள்ளையைப் பாடசாலை வானில் ஏற்றுவது அவருடைய வேலை அல்ல. நல்ல ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுவதற்கு இவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவதுதான் பெரிய காரணம். இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை புது ஆளைப் பழக்குவது அதைவிடக் கஷ்டம்.

தங்கி வேலை செய்பவருக்குப் படுக்க இடம், சாமான் பூட்டி வைக்க ஒரு அலுமாரி, மறைப்புக்கு ஒரு திரை வேண்டும். 'இருபத்துநாலு மணித்தியால ஆள்' என்று ஏஜென்சி சொன்னாலும், இரண்டாவது படியில் எழுதிய தூக்கம் அவருக்கும் உண்டு. மரக்கறி மட்டும் சமைக்கிற வீடு என்றால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்களம் மட்டும் பேசுகிற பராமரிப்பாளர், தமிழ் மட்டும் பேசுகிற அம்மா என்பது இங்கே சாதாரணம். கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், இரண்டு எழுத்திலும்: தண்ணீர் – வத்துர, வலிக்குது – ரிதெனவா, குளிருது – சீதலய், மெதுவாக – ஹெமின், மருந்து – பெஹெத். பராமரிப்பாளருக்குத் தமிழ்ச் சொல்லையும் அம்மாவுக்குச் சிங்களச் சொல்லையும் பழக்குங்கள். வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் கத்துகிறவரை "மூளை குழம்பிவிட்டது" என்று நினைத்துவிடுகிறார்கள்.

5. முதல் மூன்று நாள் கூட நில்லுங்கள்

முதல் நாள் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் அவர் செய்யட்டும், நீங்கள் பேசாமல் பாருங்கள். முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனால், பராமரிப்பாளர் முந்திய வீட்டில் செய்ததை இங்கேயும் செய்வார். அந்த வீட்டு நோயாளிக்கு விழுங்குவதில் பிரச்சினை இல்லாமல் இருந்திருக்கலாம்.

மறதி நோய் உள்ளவர் புது ஆள் தொட்டவுடன் தள்ளிவிடுவார், அடிக்கவும் வருவார். குளிப்பாட்டலில் தொடங்க வேண்டாம். முதலில் சாப்பாடு, பிறகு கால் கழுவி எண்ணெய் பூசுவது, அதற்குப் பிறகு உடம்பு துடைப்பது. முதல் கிழமை தெரிந்த கை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

6. ஒரு கொப்பி, கட்டில் பக்கத்தில்

பார்க்கிறவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய துணை ஒரு சீ.ஆர். கொப்பி. அது இல்லாத வீட்டில் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தலையில் சுமக்கிறார்கள். இரவு ஆளுக்குப் பகலில் நடந்தது தெரியாது, கிளினிக்கில் வைத்தியர் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

நிரல்கள்: நேரம், எந்தப் பக்கம் படுக்கவைத்தது, சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம், மருந்து, தோல், கையெழுத்து. அளவை எழுதுங்கள். 'சாப்பிட்டார்' என்பதால் பயனில்லை. 'காலை 8.00, கஞ்சி அரைக் கோப்பை, இரண்டு தரம் இருமினார்' என்பதில் ஒரு வைத்தியருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. தமிழிலோ சிங்களத்திலோ எழுதட்டும், இலக்கங்கள் எல்லோருக்கும் விளங்கும்.

செய்தவுடன் எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து முழு நாளையும் ஒரே பேனாவால் நிரப்பிய பக்கம் பார்த்தாலே தெரியும், எல்லா நேரமும் 10.00, 12.00, 2.00 என்று வடிவாக இருக்கும். அதற்காகத் திட்டாதீர்கள். எழுத நேரமில்லாத அளவுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஆள் மாறும்போது பத்து நிமிடம் கட்டிலடியில் நின்று ஒப்படைக்க வேண்டும். கேட்டடியில் செருப்பு போட்டுக்கொண்டு சொல்வது ஒப்படைப்பு ஆகாது. மூன்று விஷயம் போதும்: இன்று என்ன மாறியது, என்ன மிச்சம் இருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒருமுறை திருப்பி, முதுகுத் தோலை இருவர் கண்ணாலும் பார்க்கட்டும். புண் வந்தபின் "என்னுடைய நேரத்தில் இருக்கவில்லை" என்ற சண்டை இதனால் வராது.

7. மருந்து: இரண்டு பெயரில் ஒரே குளிசை

கொழும்பில் அடிக்கடி நடக்கும் ஆபத்து இது. அரச கிளினிக்கில் கொடுத்த குளிசை உறையில் மருந்தின் பொதுப்பெயர் எழுதியிருக்கும். இடையில் தனியார் வைத்தியரைச் சனல் பண்ணியபோது அதே மருந்தை வேறு கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார். பார்மசியில் வாங்கிய பெட்டியும் கிளினிக் உறையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் கொடுப்பார்கள். பிரஷர் விழுந்து, தலைசுற்றி, முதியவர் குளியலறையில் விழுவார்.

வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும், ஆயுர்வேத மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு ஒரே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கொண்டுபோங்கள். பொதுப்பெயர், மில்லிகிராம், நேரம், எதற்காக என்று ஒரே பட்டியல் எழுதுங்கள். நிறுத்திய மருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

குளிசைகளை நாள்வாரியாகப் போட்டு வைக்கும் கிழமைப் பெட்டியை ஒருவர் நிரப்ப, இன்னொருவர் பார்க்க வேண்டும். குளிசை விழுங்கிய பிறகுதான் கொப்பியில் கையெழுத்து. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கையெழுத்து வைத்தால், கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பிய குளிசை தெரியவராது. தவறிய வேளைக்கு அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருந்தால் மெதுவாகக் கரைகிற வகை. அதை உரலில் இடித்துக் கொடுத்தால் முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். விழுங்க முடியாதவருக்கு வேறு வடிவம் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர் வியர்த்து, நடுங்கி, குழம்பினால் இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதியுங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறைவென்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

8. தூக்காதீர்கள், நகர்த்துங்கள்

பராமரிப்பாளர்கள் வேலையை விடுவதற்கு முதுகு வலியும் பெரிய காரணம். அநேகமான வலி அக்குளுக்குள் கையைப் போட்டு இழுப்பதில் வருகிறது. பக்கவாதம் வந்தவரை அப்படி இழுத்தால் பலவீனமான தோள் மூட்டும் விலகும்.

கட்டிலில் மேலே நகர்த்த: குறுக்காக மடித்த பெட்ஷீட் ஒன்று தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். கட்டிலைச் சமமாக்கி, இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி, இருவர் இரு பக்கமும் நின்று, துணியின் ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடித்து, எண்ணிச் சேர்ந்து நகர்த்துங்கள். இழுத்து உரசினால் தோல் கிழியும்.

கட்டிலிலிருந்து கதிரைக்கு: சக்கர நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக வையுங்கள். பிரேக் போடுங்கள், கால்தட்டை மடியுங்கள். அவரைக் கட்டில் ஓரத்தில் இருத்தி ஒரு நிமிடம் விடுங்கள். உடனே எழுப்பினால் பிரஷர் இறங்கி மயங்குவார். கால் இரண்டும் தரையில் பதிந்தபின், இடுப்புப் பட்டியில் பிடித்து, முன்னால் குனியச் சொல்லி, எழும்பும் வேலையில் பாதியை அவரே செய்யட்டும். அவர் வழுக்கி விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க முயலாமல், உங்கள் உடம்போடு சாய்த்து மெதுவாகத் தரையில் இருத்துங்கள்.

9. தோல்

நாளுக்கு இரண்டு தரம் பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், முழங்கை, தோள்பட்டை, காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீளாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம்முடைய நிறத்தில் சிவப்புத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கறுத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், ஸ்பிரிட்டோ பவுடரோ போட வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் இருத்துவதும் கூடாது, அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பாரத்தை எடுப்பதுதான் மருந்து. முழுப்பக்கமாக இடுப்பு எலும்பில் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்து வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிக்கால் காற்றில் நிற்கட்டும்.

10. சாப்பாடு

வாயால் சாப்பிடுபவரை நிமிர்த்தி இருத்தி, நாடி (முகவாய்) சற்றுக் கீழே இறங்கி, சின்னக் கரண்டியால் கொடுங்கள். முந்திய கவளம் விழுங்கியபின் அடுத்தது. முடிந்து 30 நிமிடம் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமுவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது இரண்டும் நுரையீரலுக்குள் போவதன் அறிகுறி. பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டும்வரை அதே பதத்தில் கொடுக்க வேண்டாம்.

மூக்குக் குழாய் என்றால், மூக்கருகே போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக்கூடாது. நகராவிட்டாலும் வார்டில் காட்டித்தந்த சோதனையைச் செய்த பிறகே ஊற்றுங்கள்.

11. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்

பராமரிப்பாளர் பயப்படுவது நோயைவிட, "கூப்பிட்டால் ஏசுவார்களோ" என்பதற்குத்தான். எப்போது கேட்காமலே கூப்பிடலாம் என்று எழுதி ஒட்டுங்கள்.

உடனே 1990, இலவச சுவசெரிய அம்புலன்ஸ்: வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை இறங்குவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், எழுப்ப முடியாமை. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். மகன் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கொப்பியில் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்றே குடும்பத்தைக் கூப்பிட: காய்ச்சல், மூன்று நாள் மலம் போகாமை, சிறுநீர் குறைவது அல்லது கலங்குவது, புதிய தோல் மாற்றம், திடீர்க் குழப்பம். நேற்று பேசியவர் இன்று ஆளைத் தெரியாமல் பேசினால் அது வயதல்ல. கிருமித்தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புது மருந்து ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

தாளின் கீழே வீட்டு முகவரியும், பக்கத்துக் கோயிலோ கடையோ போன்ற அடையாளமும். புது ஊரில் வேலை செய்கிறவருக்கு ஒழுங்கையின் பெயர் பதற்றத்தில் வாயில் வராது.

12. லீவும் மாற்று ஆளும்

சித்திரைப் புத்தாண்டுக்குப் பராமரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் ஊருக்குப் போவார்கள். ஏஜென்சியிலும் ஆள் இருக்காது. பெப்ரவரியிலேயே திகதியைக் கேட்டு, குடும்பத்தில் யார் எந்த நாள் என்று பிரித்துவிடுங்கள். "இந்த வருடம் மட்டும் நில்லுங்கள்" என்று கடைசி நேரத்தில் கெஞ்சினால், அவர் போய்த் திரும்பி வராமல் இருப்பார்.

குடும்பத்தில் பார்க்கிறவருக்கும் கிழமையில் ஒரு அரை நாள், கட்டாயமாக வீட்டுக்கு வெளியே. வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்வது பலிக்காது, மணி அடித்தவுடன் எழும்பிவிடுவார். அந்த அரை நாளில் வருகிறவர் முன்பே பழகிய இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும். தன்னுடைய பிரஷர் குளிசையை விடுவது, கிளினிக்கைத் தள்ளிப்போடுவது, முதியவர் மேல் குரல் உயர்த்திவிட்டு அழுவது, இரவில் வாய்ப்பிருந்தும் தூங்க முடியாமை: இவற்றில் ஏதாவது தெரிந்தால் அரை நாளை இரண்டாக்குங்கள். அவர் யாரோடாவது பேச வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

அடிக்கக் கை ஓங்கியதாக அவர் சொன்னால் குற்றம் சாட்டாமல், அன்று இரவே வேறொருவர் கட்டிலடியில் இருங்கள். அவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.